உப்பு சுமந்தவர் பெயரில் கட்டிய வரி

இறந்துபோன ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய குறுஞ்செய்திகள் என் கைப்பேசிக்கு வருகின்றன. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய நாள் நெருங்குகிறது என்று ஒன்று வரும். வரியை முன்கூட்டியே கட்டிவிடுங்கள் என்று ஒன்று. மதிப்புக்குரிய வரி செலுத்துபவரே, நாட்டின் வளர்ச்சிக்கு நீங்கள் அளித்த பங்குக்கு நன்றி என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒன்று. அவர் பெயர் அதில் இருக்காது. அவருடைய பான் எண்ணின் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்தும் மட்டும் தெரியும். நடுவில் எல்லாம் நட்சத்திரங்கள். உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருப்பார்கள். கண் மட்டும் தெரியும். பழகியவர்களுக்கு அந்தக் கண்ணே போதும். எனக்கும் அந்த எழுத்துகள் போதும்.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் அலுவலகம் இருந்தது. வணிகவியலில் முதுகலை படித்தவன். புதுச்சேரியில் ஓர் ஆடிட்டரிடம் சில வருஷம் இருந்துவிட்டு, சொந்த ஊரில் வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தேன். ஊரில் எனக்கு 'வரி சார்' என்று பெயர். என்னிடம் ஆசிரியர்கள் வருவார்கள்; அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இருக்காது, சம்பளத்திலேயே பிடித்திருப்பார்கள். மளிகைக் கடைக்காரர்கள், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், உப்பள முதலாளிகள் வருவார்கள். என் புத்தி இவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

அதில் ஒரு முதலாளி எனக்கு நெருக்கம். நல்ல பேச்சுக்காரர். வரும்போதே மாடிப்படியிலிருந்து குரல் கேட்கும். "சார், உப்பு வெளையறத வெய்யிலு பாத்துக்கும். துட்டு வெளைஞ்சா நீங்கதான் பாத்துக்கணும்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டேன்.

பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வருஷம் அவர் ஒரு நாள் பிளாஸ்டிக் பை நிறைய ஆதார் அட்டைகளின் நகல்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுடையவை. இனிமேல் கூலி பேங்கில்தான் போடப்போகிறேன் என்று சொல்லி வாங்கியிருந்தார். கணக்கும் திறந்தோம். அதோடு நிறுத்தவில்லை. எல்லோரையும் போட்டோ எடுத்துப் பான் அட்டைக்கு விண்ணப்பம் போட்டேன். தொடர்பு முகவரி என்ற இடத்தில் என் அலுவலகம். கைப்பேசி எண் என்ற இடத்தில் என் எண். ஒரே எண்ணைப் பல பேருக்குக் கொடுக்க முடியாது என்றானபோது, என் மனைவியின் எண், வீட்டில் சும்மா கிடந்த பழைய எண் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற பலர் இப்படித்தான் செய்வார்கள். கட்சிக்காரருக்கு ஓடிபி வந்து, அவர் வயலிலோ கடலிலோ இருந்து, நாம் இங்கே கணினி முன்னால் காத்துக்கொண்டிருக்க முடியாது. வசதிக்காக ஆரம்பித்த பழக்கம். அந்த வசதி எவ்வளவு தூரம் போகும் என்று நான் கண்டுபிடித்தேன்.

முதலாளியின் வருமானத்தை ஒரே பெயரில் காட்டினால் வரி அதிகம். அதைத் துண்டு துண்டாக உடைத்து, இந்தப் பாத்திகளை இன்னார் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார், அந்தப் பாத்திகளை இன்னார் எடுத்திருக்கிறார் என்று பல பெயரில் காட்டினால், ஒவ்வொரு துண்டும் வரம்புக்குள் அடங்கிவிடும். 'பிரிச்சுக் காட்டறது' என்று அதற்குப் பெயர். பொதுவாக மனைவி, தம்பி, மாமியார் பெயரில் பிரிப்பார்கள். நான் ஒரு படி மேலே போய், கூடை சுமக்கிறவர்கள் பெயரில் பிரித்தேன். அப்படித்தான் அந்தப் பெண் காகிதத்தில் உப்பளக் குத்தகைதாரர் ஆனார்.

பான் அட்டை வந்தபோது எதற்கோ கீழே மருந்து வாங்க வந்தவரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். நாற்பதைத் தாண்டியிருப்பார். புருஷன் முன்பே போய்விட்டிருந்தார், ஒரு மகன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு அட்டையை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தார்.

"ஐய, எம்மூஞ்சி நல்லா வந்துருக்குது சார்! ஆதார்ல பேய் மாதிரி இருக்கும்."

"இது பேங்குக்கு."

"நான் எடுத்துட்டுப் போவட்டா? மருமவகிட்ட காட்டிட்டுத் தந்துடறேன்."

"இங்கயே இருக்கட்டும்மா. உங்க வூட்ல தண்ணி கிண்ணி பட்டுடும்."

தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாத அட்டை அது. அவர் அதை நம்பினாரா தெரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மருந்துக் கடைக்கு வரும்போதெல்லாம் சில சமயம் மேலே வந்து, "அந்தக் கார்ட ஒரு தபா காட்டுங்க சார்" என்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. முதலாளியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த நாளில் நானும் அவரும் பேசும்போது அந்தப் பெண்ணை 'அது' என்றுதான் சொல்வோம். 'அது பேர்ல எவ்ளோ காட்டலாம்?' என்பது போல.

மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ நான் செய்த ஒரு காரியத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பெயரில் எப்போதும் வரி பூஜ்யம் வரும்படிதான் கணக்கு போட்டுவந்தேன். வருஷா வருஷம் பூஜ்யம் வந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் வரி கட்டிவிட்டால் கேள்வி வராது, கட்டுகிறவர்மேல் ஒரு மரியாதை வரும். முதலாளியிடம் சொன்னேன். "எவ்ளோ போவும்?" என்றார். "ஒரு டிபன் செலவு மாதிரிதான்" என்றேன். கட்டினோம். அடுத்த வருஷமும் கட்டினோம். என் சாமர்த்தியத்தில் எனக்கு அன்று பெருமைதான்.

அரசாங்க வருமானத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு பித்து உண்டு. பட்ஜெட்டுக்கு மறுநாள் செய்தித்தாளில் ஒரு படம் போடுவார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைத் துண்டுகளாக்கி, அரசுக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் கடன் எவ்வளவு பைசா, கம்பெனிகளின் வரி எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு, தனி மனிதர்கள் கட்டும் வருமான வரி எவ்வளவு என்று காட்டும் படம். அதைக் கத்தரித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பேன். பழைய வருஷத்துப் படம் அதற்கும் அடியில் போகும். ஒரு காலத்தில் கம்பெனிகளின் துண்டுதான் பெரிது. பிறகு தனி மனிதர்களின் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து அதைத் தாண்டிவிட்டது. இத்தனை கோடி ஜனங்களில் சிறு கூட்டம்தான் வருமான வரி கட்டுகிறது, அந்தக் கூட்டம் கட்டுவது கம்பெனிகள் கட்டுவதைவிட அதிகம் என்பதை டீக்கடையில் சொல்லும்போது என் குரல் தானாகவே உயரும்.

அப்படி ஒரு தடவை, கீழே டீக்கடை பெஞ்சில் செய்தித்தாளை விரித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சார், இந்த ரூபால நம்ம துண்டு எங்க இருக்குது?"

"உன் துண்டு இங்க. நீ வாங்கற பிஸ்கட்டு, சோப்பு, செருப்பு எல்லாத்துலயும் வரி கட்டறல்ல, அது. இந்தப் பக்கத்துத் துண்டு வருமான வரி. அதைக் கட்டறவங்க ரொம்பக் கம்மி."

"உப்புக்கு?"

"உப்புக்கு வரி கெடையாது. அதுக்குத்தானே அந்தக் காலத்துல ஜெயிலுக்குப் போனாங்க."

பெஞ்சின் ஓரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் காலில் வெள்ளை பூத்திருந்தது.

"வருமான வரி கட்றவங்களுக்கு கவர்மெண்டு இன்னா சார் குடுக்கும்?" என்றார்.

"ஒண்ணும் குடுக்காதும்மா."

"ஒண்ணுமே குடுக்காதா? அப்புறம் இன்னாத்துக்கு கட்றாங்கோ, வேண்டுதலா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர், "ஏன், நீ கட்டப் போறியா?" என்றார். "எனக்கு இன்னா, குடுக்கறத குடுத்தா நானும் கட்றேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். நானும்தான் சிரித்தேன். அவர் அப்போது இரண்டு வருஷமாக வரி கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தித்தாள் வட்டத்தின் அந்தத் துண்டில், கண்ணுக்குத் தெரியாத தூசியாக அவரும் இருந்தார். உப்புக்கு வரி இல்லாத நாட்டில் உப்பு சுமக்கிறவர் தலையில் வரியை ஏற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் வந்தபோது ஊரே முகாமில் நின்றது. அவரும் விண்ணப்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பணம் வந்தது, இவருக்கு வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டதற்கு, வருமான வரி செலுத்துபவர் என்பதால் தகுதியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். விதி அப்படித்தான். அவர்கள் பார்த்த பதிவேடு அப்படித்தான் சொல்லியது. அந்தப் பதிவை உண்டாக்கியவனிடமே அவர் நேராக வந்தார். ஊரில் வரி என்றால் வேறு யாரிடம் போவார்?

"சார், நான் வரி கட்டறேன்னு சொல்றாங்க சார். இன்னா வரி? வூட்டு வரியா?"

என்ன வரி என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"கம்ப்யூட்டர்ல எதாச்சும் தப்பா ஏறியிருக்கும். எழுதித் தரேன், கோட்டாட்சியர் ஆபீசுக்கு அனுப்பலாம்."

"வந்துடுமா சார்?"

"பாக்கலாம்."

"அது மட்டும் வந்துட்டா போதும் சார், இந்த சீசனோட அளத்துக்கு முழுக்கு. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. உப்புத்தண்ணில எறங்கனா உசுரு போவுது. ரேஷன் அரிசி இருக்குது, மாசம் அந்த ஆயிரம் வந்தா நான் பாட்டுக்கு வூட்ல கெடப்பேன்."

அவருக்கு அந்தப் பணம் என்றால் என்ன என்று அன்றே எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். காலை உலர்ந்த தரையில் வைத்து வாழ்வது. அவ்வளவுதான். நான் நல்ல தமிழில், பிழையில்லாமல், மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்தேன். 'மனுதாரர் கூலித் தொழிலாளி. எவ்வித வருமான வரியும் செலுத்துபவர் அல்ல.' உண்மையைத்தான் எழுதினேன். அந்த உண்மைக்கு எதிரான சாட்சியை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு எழுதினேன். மனு தள்ளுபடி ஆகும் என்று தெரியும். ஆனது. இன்னொன்று எழுதினேன். அதுவும் ஆனது.

ஒரு வாக்குமூலம் போதுமாயிருந்தது. இந்தக் கணக்குகள் பொய், நான்தான் போட்டேன் என்று ஒரு கையெழுத்து. ஆனால் அந்தக் கையெழுத்து இவர் ஒருவரோடு நிற்காது. மற்ற பெயர்களைக் கேட்பார்கள், முதலாளியைக் கேட்பார்கள், அபராதம், வழக்கு என்று போகும். 'வரி சார்' என்ற பெயரும் போகும். எனக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். முதலாளியிடம் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தேன். "அவ்ளோதானே சார், மாசம் ஆயிரத்த நானே குடுத்துட்டுப் போறேன், உடுங்க" என்றார். இரண்டு மாதம்தான் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக அவர் மாடிக்கு வந்தது மாசி முடிகிற சமயம். சீசன் தொடங்கி, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை முடிந்து, முதல் உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள். மனுவைப் பற்றிக் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"அந்தக் கார்ட காட்டுங்க சார்."

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல இருக்கறவகிட்டதான் துட்டு இருக்குது போல."

நான் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

"உங்களுக்குப் பழக்கமாச்சே சார். அவகிட்ட சொல்லி எனக்குக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அட்டையைக் கண்ணாடிமேல், அந்த ரூபாய்ப் படத்துக்கு மேலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்து இறங்குகிற சத்தம் கேட்டது. அவருக்குத் தெரிந்திருந்ததா? விளையாட்டாகத்தான் சொன்னாரா? இதை நான் யாரிடமும் கேட்க முடியாது.

சித்திரை வெயிலில், கூடையோடு வரப்பில் நடந்து போனவர் அப்படியே உட்கார்ந்தாராம். கூடவே போன பெண்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். கூடை பக்கத்தில் நேராகவே இருந்ததாம், உப்பு சிந்தாமல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள். அந்த ஆயிரம் ரூபாய் வந்திருந்தால் மாரடைப்பு வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. வந்திருந்தால் அன்று அந்த வரப்பில் அவர் இருந்திருக்க மாட்டார். இது எனக்குத் தெரியும், அவரே சொன்னது.

மறுநாள் காலை அவர் மகன் மாடிக்கு ஓடி வந்தார். "சார், அம்மா போட்டோ எதுவுமே சரியா இல்ல சார். பேனர் அடிக்கணும். உங்ககிட்ட ஒரு கார்டு இருக்குதுன்னு அம்மா சொல்லும், அதுல நல்லா இருக்கும்னு." எடுத்துக் கொடுத்தேன். போட்டோவை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு அட்டையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலைக்குள் உப்பளத்துக்குத் திரும்பும் முனையில் ஆள் உயர பிளெக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. நான் வாங்கிக் கொடுத்த முகம். பொய்க் கணக்குக்காக எடுத்த அந்தப் படம், நீல வானமும் பறக்கும் புறாக்களும் சுற்றிலும் போட்டு, சாலையில் போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. மாலை போடப் போனவன் அதன் எதிரே ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாமல் திரும்பினேன். பல மாதம் அந்தப் பேனரை யாரும் கழற்றவில்லை. வெயிலில் நீலம் வெளுத்தது, புறாக்கள் வெளுத்தன. முகம் மட்டும் கடைசிவரை இருந்தது.

இதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அந்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்யும் சமயம் வந்தது. முதலாளி, "இந்த ஒரு வருசம் அது பேர்ல போட்டுடுங்க சார், திடீர்னு நிறுத்தனா நல்லா இருக்காது" என்றார். போட்டேன். அவர் உயிரோடு இருப்பதாகவே போட்டேன். ஓடிபி என் கைப்பேசிக்கு வந்தது. நானே பார்த்து நானே தட்டினேன். கொஞ்ச நேரத்தில், உங்கள் கணக்கு வெற்றிகரமாகத் தாக்கல் செய்யப்பட்டது, நன்றி என்று அவருக்குச் செய்தி வந்தது.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெண் சாகவில்லை. உப்பளப் பக்கம் உச்சி நேரத்தில் போனால், தூரத்தில் நடக்கிறவர்களுக்கு வெக்கையில் கால் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் வெள்ளைமேல் மிதந்து வருவார்கள். சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சி. இப்போது பார்க்க முடியவில்லை. கூடையோடு மிதந்து வருகிற ஒவ்வொருவரும் கிட்டே வந்து வேறு முகமாக மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். வீட்டில் கைப்பேசி ஒலித்தால் என் மனைவிதான் எடுத்துப் பார்க்கிறாள். "யாரோட மெசேஜிங்க இது, கம்பெனிக்காரனுதா?" என்பாள். ஆமாம் என்பேன். அலுவலகத்தை மூடிவிட்டேன். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணிமணிகளுக்குக் கீழே வைத்தேன். காகிதத்தில் இருந்தவர் என் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். அவருக்குப் பாத்திகள் இருந்தன, வருமானம் இருந்தது, காலில் புண் இல்லை. சாவும் இல்லை.

போன வருஷம் திட்டத்துக்கு மறுபடியும் விண்ணப்பம் வாங்கினார்கள். இந்த முறை அவர் மருமகள் போட்டார். தள்ளுபடி. ஒரே குடும்ப அட்டை. மாமியார் பெயரை அதிலிருந்து எடுக்கவில்லை. குடும்பத்தில் வருமான வரி செலுத்துபவர் இருக்கிறார். மருமகள் என் வீட்டைத் தேடி வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாக் காகிதங்களோடும். அவரும் இப்போது உப்பளத்துக்குத்தான் போகிறார் என்பது காலைப் பார்த்ததும் தெரிந்தது.

"எங்க அத்தைக்கு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்லுவாங்க. எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க சார்."

பேனாவை எடுத்தேன். 'ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு செல்லாத வருஷத்திலிருந்து, செத்த பிறகு போட்ட கணக்கு வரைக்கும். அட்டையை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். சமையலறை வாசலில் நின்று என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சாரு எழுதிக் குடுத்தா கண்டிப்பா வரும்னு சொல்லிக்கினே இருந்துச்சி சார் அது. ஒவ்வொரு தபாவும் வந்து சொல்லும்."

"தெரியும்மா."

"இன்னா தெரியும் உங்களுக்கு? ராவுல கால பெஞ்சு மேல தூக்கி வச்சிக்கினு அழுவும், அது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"செரி, எங்கிட்ட சொல்லிட்டீங்க. ஆபீசுல சொல்லுவீங்களா?"

அதுதான் கேள்வி. அவரிடம் சொன்னதற்கு எனக்கு ஒன்றும் செலவில்லை என்பதை அவர் உடனே பார்த்துவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்றேன். "நாளைக்கு இல்ல சார். இப்போவே. நாளைக்குன்னா நீங்க முதலாளியப் பாத்துட்டு வருவீங்க" என்றார். என் மனைவி உள்ளே போய் என் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து நாற்காலிமேல் போட்டாள்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் இளம் பெண் அதிகாரி நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"ஐயா, இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, இது இன்கம்டாக்ஸ் ஆபீசுக்கும் போகும். உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்தானே?"

"தெரியும். அதுதான் என் தொழில்."

"யாராவது மிரட்டி எழுத வச்சாங்களா?" என்று பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார்.

"நான் இன்னாத்துக்கு மிரட்டறேன்? எனக்கு ஆயிரம் ரூவா வரணும், அவ்ளோதான்" என்றார் மருமகள்.

கையெழுத்துப் போட்டேன். அப்போது பார்த்துச் சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரங்கள். என் முகத்தைப் பார்த்தே மருமகள் கண்டுபிடித்துவிட்டார்.

"அத்தைக்கா? இன்னான்னு போட்ருக்குது, படிங்க."

படித்தேன். முன்கூட்டிய வரியை உரிய நாளுக்குள் கட்டி, நாட்டின் முன்னேற்றத்தில் பங்கு பெறுங்கள்.

"செத்தும் வேலை ஓயல பாரு அதுக்கு" என்றார். அதிகாரி சிரிக்கப் போய், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அட்டையைத் தன் உறைக்குள் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார். பெயரை எடுத்துவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? இந்தச் செய்திகள் வருவது நின்றால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்றேன்.

"அப்போ அது நிக்கறவரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் எங்க வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க. போன்ல சொல்லாதீங்க. வந்து சொல்லுங்க."

மனு மேலே போயிருக்கிறது. எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, பதில் எழுதியிருக்கிறேன். மற்ற பெயர்களையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். முதலாளி என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியபோது, "வயசான காலத்துல கம்பி எண்ணணும்னு ஆசையா சார் உங்களுக்கு?" என்றார்; அதில் பழைய சிரிப்பு இல்லை. மருமகளுக்கு ஆயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை.

செய்தி வருகிற நாளெல்லாம் நடந்து போகிறேன். பேருந்து நிறுத்தம், டீக்கடை, பிறகு பேனர் இருந்த முனை. இப்போது அங்கே இரண்டு சவுக்குக் கழிகள் மட்டும் நிற்கின்றன. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாத்திகள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டுவேன். மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டோ, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டோ கேட்பார். "செரி, போங்க" என்பார். உட்காரச் சொல்வதில்லை. அதுதான் முறை என்று எனக்கும் படுகிறது.

போன மாதம் முழுக்க ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்தேன். ராத்திரி படுக்கும்போது கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வராமலே போய்விட்டால் அந்த வாசலுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இருக்காது என்பதும் அப்போது மனதில் ஓடியது.

இன்று காலை வந்துவிட்டது. நட்சத்திரங்களோடு, நன்றியோடு. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.